இடுப்பில் விழுந்த சுருக்கம்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்த பெயர்தான். போகப்போக முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. முப்பத்திரண்டு வருடமாகக் கடைசி மேஜையில் உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. காலர், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போவாள். எங்கேயாவது ஒரு தையல் தாவியிருந்தால், துணி சுருங்கியிருந்தால், சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஒட்டுத்தாளை உரித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவாள். தைத்தவள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

எட்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள் என்றால் முடியுமா? பால் பாக்கெட்டின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். மருந்துக் கடைக்காரன் கொடுத்த மாத்திரையை டாக்டர் எழுதிய சீட்டோடு மூன்று தடவை ஒப்பிடுவாள். மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையன் முதல்முறையாக வீட்டுக்கு வந்தபோது, தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவன் சட்டைக் கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். பையன் பயந்தே போனான். "பரவாயில்ல, துணியைப் பத்திரமா வெச்சுக்கற பையன்தான்" என்று அதன்பிறகுதான் சம்மதம் சொன்னாள். அந்த மருமகன் இன்றைக்கும் மாமியார் வீட்டுக்கு வருவதென்றால் புதுச்சட்டைதான் போடுகிறான்.

வீட்டுக்காரரை அவள் பிடித்ததும் அப்படித்தான். அவர் உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் பெயிண்ட் அடிக்கிற வேலை செய்தவர். கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்துகொண்டு, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே அடிப்பார்கள். கம்பெனிச் சுவருக்கு அடிக்க வந்தவர் ஒரு நாள் அவள் மேஜைக்கு எதிரே ஜன்னலுக்கு வெளியே வந்து தொங்கினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணாவது பட்டன் வேற நூல்ல தைச்சிருக்கு" என்றாள். அதுதான் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நானே தைச்சதுங்க, வெள்ளை நூல் தீந்துபோச்சு" என்றார். பூசி மெழுகாமல் உண்மையைச் சொன்ன அந்த வாய்க்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வாய்தான் இப்போது பொய் சொல்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் விழுந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கட்டடத்தில் இரண்டாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே கூட்டாளி ஒருவன் நின்றான். பலகை எசகுபிசகானால் ஆளைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கயிறுதான். யாரோ, "டீ வந்தாச்சு!" என்று கத்தினார்கள். கூட்டாளி திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துப் பலகையின் முடிச்சு நழுவியது. அவன் கையிலிருந்த கயிறு உருவிக்கொண்டு போய்விட்டது. கீழே மணல் கொட்டிவைத்திருந்தார்களோ, ஆள் பிழைத்தாரோ! இடுப்பில் இரும்புத் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இடது காலை இழுத்துத்தான் நடப்பார், ஓட முடியாது.

அந்தக் கூட்டாளியை அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை. "அவன் என்ன வேணும்னா செஞ்சான்? கூப்பிட்டாங்க, திரும்பினான்" என்பார். அவருக்கும் சேர்த்து அவள்தான் ஆறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே அவரிடம் வாக்கு வாங்கிவிட்டாள்.

"இனிமே தரையை விட்டு ஒரு அடி மேல ஏறமாட்டேன்னு சொல்லுங்க."

"ஏறமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா. அழாத."

சொன்னபடியே இருந்தார். வீட்டில் பல்பு போய்விட்டால்கூட முக்காலியில் ஏறுவது அவள்தான். அவர் கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொள்வார். ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் பகல் காவலாளி வேலை கிடைத்தது. காலையில் டப்பாவில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவார், சாயங்காலம் வருவார், செய்தி போட்டால் ஐந்தாவது நிமிடம் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். இப்படியே ஐந்தரை வருடம் ஓடியது.

பிறகுதான் சீனாப் படம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால், மனிதர் தூங்கவில்லை. நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கி போட்ட ஒருத்தி கையில் வாளோடு ஏரித் தண்ணீரின்மேல் கால் நனையாமல் ஓடினாள். நரைத்த புருவம் தோள்வரை தொங்குகிற கிழவர் ஒருவர் உள்ளங்கையை நீட்டினால் நீல நெருப்பு வந்தது. மலை மேகத்தில் மிதந்தது, அந்த மலைக்கு அடியில் இன்னொரு மலை தலைகீழாகத் தொங்கியது. தமிழில் குரல் கொடுத்தவர்கள் பேசி முடித்துவிட்டுப் போனபிறகும் அங்கே வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன கண்றாவி இது?"

"சீனாப் படம்."

"அது தெரியுது. நீங்க எதுக்குப் பாக்கறீங்க?"

"நல்லாருக்கே" என்றார், கண்ணை எடுக்காமல்.

நல்லாருக்கே! கல்யாணமான நாளிலிருந்து எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்க்காத மனிதர். அவளுக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது.

அதன்பிறகு அடுத்தடுத்துப் படம், எல்லாம் ஒரே மாதிரிப் படம். ஒன்றில் வானத்தில் பாதி நகரம் பறந்தது, ஒன்றில் ஆயிரம் வாள்கள் தானாகவே சுழன்று தாமரை மாதிரி விரிந்தன. வாளும் மலையும் வந்தால் அவர் கொட்டாவி விடுவார். ஆள் பறந்தால் மட்டும் எழுந்து உட்காருவார். பறந்து முடித்ததும் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்ப்பார், நிறுத்திப் பார்ப்பார், மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார். ஆறு வருடத்துக்கு முன் உயரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட மனிதர், ஆள் அந்தரத்தில் பறக்கிறதை உட்கார்ந்து உட்கார்ந்து ரசிக்கிறார் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். படம் பார்க்க இல்லை, குறை கண்டுபிடிக்க.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது. நிழலே விழல பாருங்க."

"மலையெல்லாம் கம்ப்யூட்டர். ஆளு நிஜம்."

"கயிறக் காணோமே?"

"அழிச்சிடுவாங்க."

கயிற்றை அழிக்கலாம். துணியை என்ன செய்வார்கள்? வாள்காரி மூங்கில் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவியபோது அவள், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவர் பதறி நிறுத்தினார். எழுந்து போய்த் திரையில் கிட்டப் பார்த்தாள். அங்கி முழுக்கக் காற்றில் படபடக்கிறது. இரண்டு பக்கமும் இடுப்பெலும்புக்கு மேலே மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, துணி ஒன்றுகூடிச் சுருங்கி நிற்கிறது. "இதோ, இங்கதான் கட்டியிருக்கான். ஆளோட கனம் முழுக்க இங்க நிக்குது" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து சிவப்பு அம்புக்குறியை எடுத்துத் திரையிலேயே ஒட்டிவிட்டாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நான் அதைப் பாக்கல" என்றார்.

"வேற எதைப் பாக்கறீங்க?"

"சும்மா."

இந்த 'சும்மா'வைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. நாலு நாள் அதையே மென்றுகொண்டிருந்தாள். இதற்கிடையில் ஒரு வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன். குறை பார்க்க உட்கார்ந்தவள் கதையில் மாட்டிக்கொண்டாள். அந்த வாள்காரி தன் குருவை உயிரோடு மீட்டாளா இல்லையா என்று தெரியாமல் ஒரு நாள் கம்பெனியில் இரண்டு சட்டையைக் குறையோடு விட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. "கண்ணாடி கீறல் விட்டுப்போச்சு போல" என்று மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். நீல நெருப்பு பொய், மிதக்கிற மலை பொய், நரைத்த புருவம் சத்தியமாகப் பொய். ஆனாலும் அந்தப் பெண் ஒரு காலை உதைத்து மேலே எழும்பும்போது இவளுடைய வயிறும் கூடவே லேசாகி எழும்பியது. கீழே பூமி என்று ஒன்று இல்லவே இல்லை என்கிற மாதிரி. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. என்னையே இப்படி இழுக்கிறதே, அவரை எப்படி இழுக்கும்?

வீட்டில் மற்ற அடையாளங்களும் சேர்ந்துகொண்டே வந்தன. காவலாளிக்கு உள்ளங்கை எதற்குக் காய்த்துப்போகிறது? நாற்காலியில் உட்கார்கிறவருக்குக் கை எதற்கு அப்படி? ஒரு சாயங்காலம் பின்கட்டில் எட்டிப்பார்த்தாள். கொடிக்கம்பியில் ஒரு கயிற்றைப் போட்டு, தண்ணீர் நிரம்பிய குடத்தை மெதுவாக மேலே இழுத்து, மெதுவாகக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. "என்ன பண்றீங்க?" என்றதற்கு, "கயிறு உறுதியா இருக்கான்னு பாத்தேன்" என்றார். அதோடு தன் சட்டையைத் தானே துவைக்க ஆரம்பித்திருந்தார். முப்பது வருடக் கல்யாணத்தில் வராத ஞானோதயம்!

ஒரு நாள் அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளி ஜிகினா ஒன்று உதிர்ந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். அடுத்த மேஜையில் இஸ்திரி போடுகிறவள் அவளுடைய கூட்டாளி. ஊர்வம்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

"அக்கா, இது பொம்பளை சமாச்சாரம்" என்றாள் இஸ்திரிக்காரி, ஜிகினாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.

"போடி. அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"காலுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்? படத்துல பறக்கறவளையே பாத்துக்கிட்டிருக்காருன்னு நீதானே சொன்ன? நிஜத்துல ஒருத்தி பளபளன்னு சுத்தறா. எழுதி வெச்சுக்க."

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்து விளக்குக்குக் கீழே மேஜையில் விரித்தாள். மற்றவர்கள் என்றால் வாசனை பார்ப்பார்கள், தலைமுடி தேடுவார்கள். அவள் வழக்கம்போலக் காலரில் ஆரம்பித்தாள். காலர் சுத்தம், கை சுத்தம். பக்கத் தையலில் கட்டைவிரல் இறங்கிக்கொண்டே வந்து இடுப்புக்கு வந்ததும் நின்றது. இரண்டு பக்கமும், இடுப்பெலும்பு வருகிற இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குத் துணி நைந்திருந்தது. நூல் பஞ்சாகியிருந்தது. அங்கே மட்டும் விழுந்த சுருக்கம் துவைத்தும் போகாமல் நின்றது.

திரையில் சிவப்பு அம்புக்குறி ஒட்டிய அதே இடம்.

ஜிகினா எங்கிருந்து வந்தது, கை எதற்குக் காய்த்தது, குடத்தை எதற்கு இழுத்தார், எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டது. யாரோ இந்த மனிதரின் இடுப்பில் வார் கட்டி மேலே தூக்குகிறார்கள். எங்கேயோ இவர் மறுபடி தொங்குகிறார். தகடு வைத்துத் தைத்த அந்த இடுப்பு! பொம்பளை விஷயமாக இருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். ஒருத்தி என்றால் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டு ஆளை மீட்டுவிடலாம். மறுபடி ஒருமுறை விழுந்தால் எங்கே போய் மீட்பது? சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நூல் விட்டுப் பார்த்தாள்.

"கிடங்குல வேலை எல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது."

"உக்காந்தேதானே இருக்கீங்க?"

"நின்னுக்கிட்டுதான்" என்றார். சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். "ஏன், என்ன?"

"சும்மா" என்றாள். தெரியட்டும் அவருக்கும்!

மறுநாள் கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, அவர் போன அரை மணி கழித்துக் கிளம்பினாள். கிடங்கில் இருக்கமாட்டார், காவலுக்கு வேறு ஆள் நிற்பான், அவனை உலுக்கினால் குட்டு வெளிப்படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். பஸ்ஸில் உட்கார்ந்தே என்னென்ன திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டாள். சத்தியத்தில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, தகடு, மகள், பேரப்பிள்ளை என்று போய் மறுபடி சத்தியத்தில் முடிவதாக ஏற்பாடு.

கிடங்கு வாசலில் காவல் நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் அவருடைய சாப்பாட்டு டப்பா. உள்ளேயிருந்து பெரிய மின்விசிறி இரைகிற சத்தம். இரும்புக் கதவு ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. அவள் நுழைந்தாள்.

உள்ளே சுவரெல்லாம் பச்சைத் துணி. தரையிலும் பச்சைத் துணி. அத்தனை பெரிய கிடங்கில் ஒரு மூட்டை இல்லை. நாலைந்து விளக்கு, கேமரா, கதவு அகலத்துக்கு ஒரு விசிறி, கீழே கனமான மெத்தைகள். சினிமாக்காரர்கள் கிடங்கை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள் என்பது புரிய அவளுக்கு ஒரு நொடிதான் ஆனது. அண்ணாந்து பார்த்தாள். கூரைக்குக் கிட்டே, மூன்று ஆள் உயரத்தில், வெள்ளை அங்கி போட்ட ஓர் உருவம் அந்தரத்தில் தொங்கியது. அங்கியில் வெள்ளி ஜிகினா மின்னியது. மேகம் இல்லை, மலை இல்லை, நீல நெருப்பு இல்லை. வெறும் பச்சைத் துணிக்கு நடுவே ஓர் ஆள், அவ்வளவுதான்.

"என்னங்க!" என்று கத்தினாள்.

அந்த உருவம் கீழே பார்த்தது. சின்னப் பெண். மகளைவிட இளையவள், முகத்தில் மாவு மாதிரிப் பூச்சு. அவர் இல்லை.

அப்போ அவர் எங்கே? அவள் கண் தானாகவே தன் வேலையைச் செய்தது. பெண்ணின் இடுப்பில் துணி சுருங்கியிருந்த இடத்தைப் பிடித்தாள். அங்கிருந்து புறப்பட்ட மெல்லிய கம்பிக்கயிற்றின் வழியே மேலே போனாள். கூரையில் உருளை. உருளையைத் தாண்டி அந்தக் கடைசிக்கு. அங்கிருந்து கனமான கயிறாகிக் கீழே. கயிற்றை இரண்டு இளவட்டங்கள் பிடித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கயிற்றின் முனையை அகலமான வாரில் மாட்டி, வாரை இடுப்பெலும்பின்மேல் இறுகக் கட்டிக்கொண்டு, இழுத்து நடக்கிற இடது காலைச் சுவரோரக் கட்டையில் முட்டுக் கொடுத்து, பின்னுக்குச் சாய்ந்து நின்றார் அவளுடைய வீட்டுக்காரர். இரண்டு காலும் தரையில் இருந்தன.

பயம் போன இடத்தில் கோபம் பொங்கியது. நாலு மாதம்! நாலு மாதமாகத் தன்னைப் பைத்தியம் பிடிக்க வைத்த மனிதர் அங்கே குத்துக்கல் மாதிரி நிற்கிறார்.

"இந்தாங்க! உங்களைத்தான்! காதுல விழலையா?"

அவர் திரும்பவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ, "யாரும்மா அது?" என்று அதட்டினார். இழுக்கிற இளவட்டம் ஒருவன் வாயில் விரலை வைத்துக் காட்டினான். அவளா நிறுத்துவாள்?

"கட்டின பொண்டாட்டி கூப்பிடறேன், திரும்பிப் பாக்க முடியலையா உங்களுக்கு?"

அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. குரல் அவர் காதில் விழுந்துவிட்டது, யார் குரல் என்றும் தெரிந்துவிட்டது. கழுத்து மட்டும் இம்மி அசையவில்லை. கண் மேலே அந்தப் பெண்ணின்மேலேயே இருந்தது. காது மடல் சிவந்துகொண்டே போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீ வந்தாச்சு என்று ஒருவன் கத்தினான், ஒரு கழுத்து திரும்பியது. இப்போது கத்துகிறவள் அவள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு விட்டால்கூட அவர் காதில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இறக்கலாம்" என்று கேமராவுக்குப் பக்கத்திலிருந்து சண்டைக்காட்சி மாஸ்டர் குரல் கொடுத்தார். இளவட்டங்கள் இருவரும் முன்னே நடந்தார்கள். அவர் ஒரு பிடி விட்டார், நிறுத்தினார், இன்னொரு பிடி விட்டார். பெண் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, அங்கி விரிய இறங்கி வந்தாள். குடத்துத் தண்ணீர் சிந்தாத அதே இறக்கம். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறாள்! ஒரு தடவைகூட இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. பெண்ணின் கட்டைவிரல் மெத்தையைத் தொட்டது, குதிகால் தொட்டது. ஒருவர் ஓடிப்போய் இரண்டு பக்கக் கொக்கியையும் கழற்றினார்.

"கழட்டியாச்சு!"

அதைக் கேட்டபிறகுதான் அவர் கயிற்றைத் தளர்த்தினார். வாரிலிருந்து அதை விடுவித்துச் சுவரிலிருந்த வளையத்தில் மாட்டினார். பிறகு மெதுவாகத் திரும்பி, காலை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இப்பச் சொல்லு" என்றார்.

பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. "கிடங்குக்குப் போறேன்னு சொன்னீங்க" என்றாள், அழுதுகொண்டே.

"கிடங்குதானே இது."

"ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க."

"ஏறலையேம்மா. ஓடி இழுக்கறதுக்கு அந்தப் பசங்க ரெண்டு பேர். கடைசில அசையாம நிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்னாங்க. எனக்கு ஓடத்தான் முடியாது. நிக்க முடியும்ல?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கயிறுன்னு சொன்னாலே உனக்கு முகம் செத்துப்போகுது. எப்படிச் சொல்றது?" அவர் வாரைத் தளர்த்திக்கொண்டே பேசினார். "மாஸ்டர்தான் அந்தப் படமெல்லாம் பாக்கச் சொன்னாரு. எப்படி விட்டா பறக்கற மாதிரி இருக்கும்னு கத்துக்கறதுக்கு. நீ கயிறு எங்கன்னு தேடின. நான் அந்தப் பக்கம் நிக்கறவனைப் பாத்தேன்."

"அவன்தான் படத்துல வரவே மாட்டானே?"

"வரமாட்டான். ஆனா இருக்கான்ல? எத்தனை படம் பாத்தோம், எத்தனை பேரு பறந்தாங்க. ஒருத்தனாவது கையை விட்டானா சொல்லு."

இந்த மனிதர் விழுந்த நாளிலிருந்து அவரை யாரும் தூக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே அவளுக்கு ஆறு வருடம் போய்விட்டது. தன்னைப் பிடிக்காமல் விட்ட கையை ஒரு வார்த்தை திட்டாமல், விடாத கைகளையே தேடித்தேடி இவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பூதக்கண்ணாடியாம் பூதக்கண்ணாடி! தன்மேலேயே எரிச்சலாக வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த வாரைக் கொடுங்க."

விளக்குக்குக் கீழே இருந்த ஒரு பெட்டியின்மேல் வாரை விரித்தாள். ஒரு முனையில் ஆரம்பித்துக் கட்டைவிரலை ஓட்டினாள். வளையம் தைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விரல் நின்றது. உள்பக்கம் திருப்பினாள். மூன்று தையல் தாவியிருந்தது. கைப்பையைத் திறந்து சிவப்பு அம்புக்குறியை உரித்து ஒட்டினாள்.

மாஸ்டர் எட்டிப்பார்த்தார். "அது சும்மா ஓரத் தையல்மா. உள்ள இரும்பு பட்டை இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"இன்னிக்கு மூணு விட்டிருக்கு, நாளைக்கு முப்பது விடும். இதை மாத்தற வரைக்கும் இவரு நிக்கமாட்டாரு. நான் சொல்றேன்."

மாஸ்டர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "மாத்திடுங்க மாஸ்டர். மாத்தினாத்தான் நாளைக்கு எனக்குச் சாப்பாட்டு டப்பாவே வரும்" என்றார்.

வெள்ளை அங்கிக்காரி மெத்தையிலிருந்து இறங்கி வந்து சற்றுத் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் அங்கி படுமோசமான தையல். அந்தப் பெண் அங்கியைத் தூக்கி, உள்ளே இடுப்பில் கட்டியிருந்த தன் வாரை அவிழ்த்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அக்கா, என்னோடதையும் ஒரு தடவ பாத்துடுங்களேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விளக்கை இன்னும் கிட்டே நகர்த்தச் சொன்னாள்.